பினாயில் அண்ணாச்சியும் பன்றிக் காய்ச்சலும்

டெல்லியில் நான் பார்த்த முட்டாள்களில் பினாயில் அண்ணாச்சிக்குத்தான் முதலிடம். இந்த ஊரில் அந்தப் போட்டிக்கு ஆள் பஞ்சம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொண்டுதான் சொல்கிறேன்.

நான் படித்த பல்கலைக்கழக ஹாஸ்டலில் அவர் கேர்டேக்கர். ஃபியூஸ் போடுவது, மோட்டார் போடுவது, அறைச் சாவியைத் தொலைத்தவனைத் திட்டுவது எல்லாம் அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நான் பிறப்பதற்கு முன்பே டெல்லிக்கு வந்துவிட்டார். மனைவிக்கு மத்திய அரசில் கிளார்க் வேலை, அதனால் ஆர்.கே.புரத்தில் குவார்ட்டர்ஸ். பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று யாருக்கும் தெரியாது. கண்ணில் பட்டதன்மேல் எல்லாம் பினாயில் ஊற்றுவார், அதனால் பினாயில். ஒருமுறை வராந்தாவில் தூங்கிக்கொண்டிருந்த நாயின் மேலும் ஊற்றினார். நாய் ஹாஸ்டலை விட்டே போய்விட்டது. எங்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

இந்திக்காரப் பையன்கள் அவரை "பினாயில்ஜி" என்று கூப்பிடுவார்கள். ஜி போட்டதால் அதை மரியாதை என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் பன்றிக் காய்ச்சல் வந்தது. டிவியைத் திறந்தால் முகமூடி போட்ட ஆட்கள். எங்கள் பல்கலைக்கழகம் சும்மா இருக்குமா? கூட்டம் கூடக் கூடாது என்று முடிவெடுப்பதற்காக ஒரு கூட்டம் கூட்டியது. ஜன்னல் இல்லாத ஏசி அறையில் எல்லாத் துறைத் தலைவர்களும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, சமோசா தின்று, விதிகள் போட்டார்கள்.

அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது ஒரு விதி. ஹாஸ்டலில் தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். அனைவரும் முகமூடி அணிய வேண்டும் என்பது இன்னொன்று. அறைக்கு ஒரு முகமூடி கொடுத்தார்கள். அறைக்கு இரண்டு பேர். என் அறைக்காரன் தும்மித் தும்மி ஈரமாக்கிக் கழற்றிக் கொடுத்ததை நான் மாட்டிக்கொண்டு சாப்பிடப் போவேன். இதற்குப் பெயர் நோய்த் தடுப்பு.

சுகாதார மையத்தின் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள்: காய்ச்சல் உள்ளவர்கள் உள்ளே வரக் கூடாது. காய்ச்சல் இல்லாதவன் அங்கே எதற்குப் போகிறான்? டாக்டர் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் ஜன்னல் வழியாக மாத்திரையை வீசுவார். நோயாளி தாவிப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்க முடிந்தால் காய்ச்சல் அவ்வளவு மோசமில்லை என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் மேலாக ஒரு விதி வந்தது. ஒவ்வொரு ஹாஸ்டலிலும் தினமும் எல்லாருக்கும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நூறு டிகிரிக்கு மேல் இருந்தால் ஏழு நாள் தனிமை அறை. எங்கள் வார்டன் ஒரு பேராசிரியர். மாணவர்களின் வாயருகே போக அவருக்கு உயிர்ப் பயம். தெர்மாமீட்டரை மேஜைமேல் வைத்துவிட்டு நாலடி பின்வாங்கி, "நீ பார்த்துக்கொள்" என்று பினாயிலிடம் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க ஒரு அதிகாரத்துக்காகக் காத்திருந்த மனிதர் அதைக் கையில் எடுத்தார்.

மெஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சாப்பிட்டு வெளியே வருகிறவன் அவரைத் தாண்டாமல் போக முடியாது.

"ஏலே, வாயத் தொற. நாக்குக்கு அடியில வையி."

"அண்ணாச்சி, எனக்குக் கிளாசுக்கு..."

"பேசாதன்னு சொல்லுதேன்லா! பாதரசம் எறங்கிப் போயிரும்."

ஒவ்வொருவன் வாயிலிருந்து எடுத்ததும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும் என்று உத்தரவு. ஸ்பிரிட் வந்து சேரவில்லை. அதற்குப் பதிலாக அவர் எதில் தோய்த்துத் துடைத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதம் முழுக்க நாங்கள் தின்ற சப்பாத்திக்கு அந்த ருசிதான்.

இனி காப்பிக்கு வருகிறேன். எல்லா நாசமும் அதில்தான் இருந்தது.

அந்த ஹாஸ்டலில் நாங்கள் ஐந்து பேர் தமிழ்ப் பையன்கள். எங்களுக்காக மட்டும் தினமும் காலையில் வீட்டிலிருந்து ஒரு பெரிய ஃபிளாஸ்க் நிறைய ஃபில்டர் காப்பி கொண்டுவருவார். முதல் பஸ் பிடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு வருவார். காப்பி நன்றாக இருக்கும். அதை மறுக்க மாட்டேன். ஆனால் தொற்றுநோய் வந்ததும் காப்பிக்கும் அவர் சொந்தமாக விதி போட்டார். டம்ளர் ஒன்றுதான், ஆகவே உதடு படக் கூடாது, அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஆற்றவும் கூடாது. ஆற்றினால் காற்றில் உள்ள கிருமி காப்பியில் விழுமாம். கொதிக்கக் கொதிக்க நேரே தொண்டையில் ஊற்றிக்கொள்வோம். கண்ணில் தண்ணீர் வரும். அப்படியே பத்தடி நடந்து வாசலுக்கு வந்தால் அதே ஆள் தெர்மாமீட்டரோடு நிற்பார்.

முதல் நாளே எங்கள் ஐந்து பேருக்கும் நூற்றிரண்டு டிகிரி. ஆறிப்போன மெஸ் டீயைக் குடித்துவிட்டு வந்த இந்திக்காரப் பையன்களில் ஒருவனுக்கும் காய்ச்சல் இல்லை.

"சவத்து மூதி, நம்ம ஆளுகளாப் பாத்துல்லா புடிக்கு!" என்று தலையில் கைவைத்தார் பினாயில்.

கிருமி சென்னை ரயிலில் வந்திருக்கும் என்று வார்டன் போனில் ஆராய்ச்சி முடிவை அறிவித்தார். அன்று மத்தியானத்துக்குள் ஹாஸ்டலில் அதற்கு "மதராசி புகார்", அதாவது மதராசிக் காய்ச்சல், என்று பெயர் வந்துவிட்டது. எங்களைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நடந்தார்கள்.

தனிமை அறை என்பது டேபிள் டென்னிஸ் விளையாடும் அறை. அதில் ஐந்து பேரும் சேர்ந்து தனிமையாக இருந்தோம். இரண்டு பேருக்கு மேஜை, வலைக்கு அந்தப் பக்கம் ஒருவன், இந்தப் பக்கம் ஒருவன். வலையைக் கழற்றக் கூடாது, அது விளையாட்டுத் துறையின் சொத்து. மற்ற மூன்று பேருக்குத் தரை. என்னைத் தவிர நாலு பேரும் இதைக் கிளாசுக்குக் கிடைத்த லீவாக எடுத்துக்கொண்டு சீட்டாடினார்கள்.

எனக்கு மட்டும் அது முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு பரீட்சை. மத்திய அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. வயது வரம்புப்படி அதற்குப் பிறகு என்னால் எழுதவே முடியாது. விழுப்புரத்தில் அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். "இந்தத் தடவையும் கிடைக்கலன்னா வந்து மாமா கடையில உக்காரு" என்று சொல்லிவிட்டார். மாமாவுக்கு உரக்கடை. உரக்கடையைக் கூடச் சகித்துக்கொள்ளலாம், மாமாவைச் சகிக்க முடியாது.

உள்ளே போட்டுப் பூட்டிய பிறகும் பினாயில் விடவில்லை. காலையில் ஜன்னல் வழியாகக் காப்பி, உடனே தெர்மாமீட்டர். காய்ச்சல் இறங்குவேனா என்றது. வெள்ளிக்கிழமை அவருடைய பஸ் வழியில் நின்றுவிட்டது. தாமதமாக ஓடிவந்தவர் பதற்றத்தில் காப்பியை மறந்து முதலில் தெர்மாமீட்டரை நீட்டினார். ஐந்து பேருக்கும் சரியாக இருந்தது.

"மலை மந்திர் முருகன் கண்ணத் தொறந்துட்டாம்லே!" என்று சந்தோஷத்தில் கத்திவிட்டு, ஆளுக்கு ஒரு டம்ளர் காப்பி ஊற்றினார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. காப்பியை அண்ணாந்து விழுங்கிவிட்டு, தெர்மாமீட்டரை அவர் கையிலிருந்து பிடுங்கி வாயில் வைத்தேன். நூற்றிரண்டு.

"அண்ணாச்சி, காய்ச்சல் எங்களுக்கு இல்ல. உங்க ஃபிளாஸ்க்குக்கு!"

"ஏலே, என் வீட்டுக்காரி போட்ட காப்பியக் கொற சொல்லாத. பல்லு பேந்துரும்."

"நம்பலன்னா நீங்களே குடிச்சிட்டு வச்சுப் பாருங்க."

கோபத்தில் ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தார். நூற்றுமூன்று. மூளை உள்ள எவனுக்கும் அந்த இடத்தில் விஷயம் விளங்கியிருக்கும். பினாயிலுக்கு முகம் வெளுத்தது. பூட்டைத் திறந்தார். போர்வையோடு உள்ளே வந்தார். கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்கும் வந்துட்டுலே."

"அது காப்பி, அண்ணாச்சி!"

"ரூல்ஸுல காப்பின்னு போட்டிருக்கா? நூறுக்கு மேலன்னுதான் போட்டிருக்கு. ஏழு நாள். தள்ளிப் படு."

சனிக்கிழமை காப்பி கொண்டுவர ஆள் இல்லை, கொண்டுவருகிறவரே உள்ளே கிடந்தார். காலையில் ஆறு பேருக்கும் பார்த்தார், காய்ச்சல் இல்லை. மத்தியானம் பார்த்தார், இல்லை. சாயங்காலமும் பார்த்துவிட்டு, தெர்மாமீட்டரையே வெகுநேரம் வெறித்தார்.

"காப்பிதாம்லே" என்றார் கடைசியில், செத்த வீட்டில் பேசுகிற குரலில்.

"அப்ப கதவத் தொறங்க. நாளைக்கு எனக்குப் பரீட்சை."

"அது முடியாது. டாக்டர் சொன்னாத்தான் வெளிய விடணும்."

டாக்டருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. வார்டனுக்குப் போட்டார். போனில் பேண்டு வாத்தியம் எங்கள் காதுவரை கேட்டது. கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவை வாசலில் ஒட்டிய மனிதர் யார் வீட்டுக் கல்யாணத்திலோ பூரி தின்றுகொண்டிருந்தார்.

"அரே பாய், அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளட்டும்!" என்று இந்தியில் கத்தினார்.

"அகலா சால் நஹீ ஹை, சாப். இவனுக்கு அடுத்த வருஷம்னு ஒண்ணு இல்ல, இதான் கடைசி" என்றார் பினாயில். அதற்குள் வார்டன் போனை வைத்துவிட்டார்.

நான் சாவியைக் கேட்டுக் கெஞ்சினேன். தர மறுத்தார். பிறகு நான் அவரைத் திட்டிய வார்த்தைகளை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, பல்கலைக்கழகத்தின் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு முணுமுணுவென்று படித்துக்கொண்டே இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை என் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

"பரீட்சை எங்கலே?"

"கரோல் பாக்."

"நோயாளி தனிமை அறைய விட்டு வெளிய போகக் கூடாதுன்னு போட்டிருக்கு. அறை எங்கன இருக்கணும்னு போடல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜன்னல் வழியாகக் காவலாளியைக் கூப்பிட்டு ஒரு ஆட்டோ கொண்டுவரச் சொன்னார். ஆட்டோவைப் பின்னாலேயே ஓட்டி, வராந்தாவில் ஏற்றி, அறை வாசலோடு ஒட்டி நிறுத்தச் சொன்னார். "பாபுஜி, திமாக் டீக் ஹை?" என்று மூளை சரியாக இருக்கிறதா என விசாரித்தான் ஓட்டுநர். அண்ணாச்சி உள்ளே இருந்தபடியே கை நீட்டி சீட்டில் பினாயில் தெளித்தார். கதவில் தொங்கிய 'தனிமை அறை – உள்ளே வராதீர்' என்ற இந்தி, இங்கிலீஷ் போர்டைக் கழற்றி ஆட்டோவின் நெற்றியில் கயிறு போட்டுக் கட்டவைத்தார்.

"இப்ப இதாம்லே ரூம். தரையில கால் வைக்காம ஏறு."

ஏறினேன். அவரும் நோயாளி என்பதால் அவரும் ஏறினார். ஞாயிற்றுக்கிழமை கரோல் பாக் நெரிசலை அறிந்தவர்களுக்குத் தெரியும், ஆம்புலன்ஸுக்குக்கூட அங்கே வழி கிடைக்காது. எங்களுக்குக் கிடைத்தது. போர்டைப் படித்த ஸ்கூட்டர்காரர்கள் நடைபாதையில் ஏறினார்கள். ஒரு தள்ளுவண்டிக்காரன் கொய்யாப் பழத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினான்.

பரீட்சை நடந்த பள்ளியின் வாசலில் அவர் எனக்குப் புது முகமூடி ஒன்றைக் கட்டிவிட்டார். எங்கிருந்து எடுத்தார் என்று தெரியாது.

"ஹாலும் தனித்தனி பெஞ்சுதாம். அதனால ரூல்ஸுக்குச் சரியாத்தான் வரும். எவன்கிட்டயும் பேசாத. ஜல்தி, ஓடு!"

மூன்று மணி நேரம் எழுதினேன். வெளியே வந்தபோது, மற்றவர்களின் அப்பாக்களும் அண்ணன்களும் மரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஆட்டோ ஓட்டுநரும் அங்கே போய்ச் சேர்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து, "இந்த ஆள் இறங்கவே இல்லை, தண்ணீர் கொடுத்தேன், முகமூடியைக் கழற்ற மாட்டேன் என்கிறார்" என்று இந்தியில் புகார் செய்தான். வெயில் ஆட்டோவின் கூரைக்கு நேர்மேலே நின்றது. பினாயில் உள்ளே, சீட்டில் சாய்ந்து, முகமூடி முழுக்க வேர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"எப்படிலே எழுதுன?"

"நல்லா எழுதிருக்கேன், அண்ணாச்சி."

அவர் முகமூடிக்குள் என்ன செய்தார் என்று தெரியவில்லை. கண் மட்டும் சுருங்கியது.

"செரி, ஏறு. ஏழு நாள்ல இன்னும் நாள் கெடக்கு."

எதிரே பஸ் நின்றுகொண்டிருந்தது. இரண்டு தெரு தள்ளி எனக்கு ஒரு நண்பனின் அறை இருந்தது. நான் ஓடியிருந்தால் அவரால் இறங்கித் துரத்தவும் முடியாது. நான் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.