பேரெழுத்துச் சித்தர்

அந்த அலுவலக வாசலில் நின்ற வரிசையைப் பார்த்தால், உள்ளே ஏதோ இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று நினைப்பீர்கள். கொடுக்கவில்லை. வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் அலுவலகம் அது. அதன் வரவேற்பறையில், மேனேஜருடைய சுழல் நாற்காலியில், பேரெழுத்துச் சித்தர் எழுந்தருளியிருந்தார். வெள்ளைக் கோட்டு. கறுப்புக் கண்ணாடி. மடியில் வெல்வெட் உறை போட்ட மடிக்கணினி. ஆள் வந்து நின்றதும் தன் கணினியின் உறைக்குள் தலையை விட்டு ஒரு நிமிஷம் தியானம் செய்வார். பிறகு வந்தவருடைய விரல்களை மோந்து பார்ப்பார். ஆமாம், மோந்துதான்.

"உன் பேருல நாலாவது எழுத்து குறுகிப்போய்க் கெடக்கு. அதைப் பெருசாக்கு. கதவு திறக்கும்."

வந்தவர் ஓடிப்போய்க் கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரில் தன் பெயரை ஆங்கிலத்தில் அடிப்பார். நாலாவது எழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக அடிப்பார். திறந்துகொள்ளும்!

"தெறந்துடுச்சு! சாமி, தெறந்துடுச்சு!"

கைத்தட்டல். கண்ணீர். வாசலில் பணம் வைத்த ஒரு கவர். பெரிதான எழுத்துக்கு ஏற்றபடி கவரும் பெரிதாக இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம். நம் தமிழில் 'அ' எங்கே நின்றாலும் ஒரே உயரம்தான். பாவம், சித்தர் தமிழை நம்பியிருந்தால் பட்டினி கிடந்திருப்பார்.

கதை இப்படித் தொடங்கியது. அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த விண்டோஸ் மெஷின்களை எடுத்துவிட்டு, லினக்ஸ் போட்ட புது மெஷின்களை வைத்தார்கள். மாடியில் பழையவை அப்படியே இருந்தன. புது மெஷின்களில் எல்லாருடைய பெயரையும் பதிந்தவர் மேனேஜரின் மச்சான். "எப்பவும் போல உங்க பேரை அடிங்க, பழைய பாஸ்வேர்டுதான்" என்றார் அவர். அடித்தார்கள். ஒருவருக்கும் திறக்கவில்லை. மூன்று நாள் வேலை நின்றது. நாலாம் நாள் மச்சானே வழியும் சொன்னார்.

"மாமா, எனக்குத் தெரிஞ்ச மகான் ஒருத்தர் இருக்கார். தலையெழுத்தையே மாத்திடுவார்."

மகான் வந்தார். எல்லாருக்கும் திறந்துவிட்டதோடு நிற்கவில்லை, கம்ப்யூட்டர்களின் பெயரையும் மாற்றச் சொன்னார். சின்ன எழுத்தில் இருந்த பெயர்களெல்லாம் கொட்டை எழுத்தில் எழுந்து நின்றன. பிரிண்டர் இருந்த மூலையில் மட்டும் அடிக்கடி தாள் சிக்கும். அந்த மெஷினுக்கும் பெயர் மாற்றினார். மூன்று நாள் தாள் சிக்கவே இல்லை. மேனேஜர் புல்லரித்துப்போனார். அந்த மூன்று நாளும் அலுவலகத்துக்கு விடுமுறை என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

எல்லாரும் கவர் கொடுத்தார்கள், ஒருவரைத் தவிர. இருபது வருஷமாக அங்கே வேலை பார்க்கும் டைப்பிஸ்ட் அக்கா.

"என் பேரை எனக்கு அடிக்கத் தெரியும். இதுக்கு எதுக்குய்யா கவரு?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்.

சித்தர் சிரித்தார். மறுநாள் தீர்ப்பு வந்தது. "இந்தம்மா பேருல தோஷம். எந்த எழுத்தைப் பெருசாக்கினாலும் தெறக்காது. இவங்க உட்கார்ற எடத்துல மத்த மெஷினும் படுத்துடும்."

அக்கா எப்படி எப்படியோ அடித்துப் பார்த்தார். திறக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர்கள் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். நேற்றுவரை சேர்ந்து சாப்பிட்டவர்கள்! வெள்ளிக்கிழமை மேனேஜர் தயங்கித் தயங்கி ஒரு கடிதத்தை நீட்டினார். திங்கட்கிழமை முதல் வர வேண்டாம்.

அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார். கல்லூரியில் மகள். அவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

அந்தப் படியில்தான் காற்புள்ளி மேடம் இறங்கி வந்தார். மாடியில் பிழை திருத்துகிறவர். எதைப் படித்தாலும் நடுவில் நிறுத்தி "இது ஏன் இப்படி?" என்று கேட்பதால் வந்த பட்டப்பெயர்.

"எதுக்குக்கா அழுவுறீங்க?"

"என் பேரே ராசியில்லையாம் மேடம்."

மேடம் கடிதத்தை வாங்கிப் படித்தார். முதலில் அதிலிருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பிறகு அக்காவின் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார்.

"உங்க பேரை இந்தப் பழைய மெஷின்ல அடிங்க. சின்ன எழுத்துல."

திறந்தது.

"வெளிய வந்துட்டு, எல்லாமே பெரிய எழுத்துல."

திறந்தது.

"இப்போ ஒண்ணு பெருசு, ஒண்ணு சின்னது."

அதுவும் திறந்தது. அக்காவின் அழுகை நின்று விக்கல் வந்துவிட்டது.

"மேடம், மாடிப்படி ஏறினதும் தோஷம் போயிடுச்சா?"

"பேரு அதே பேரு, ஆளு அதே ஆளு. மாறினது மெஷின் மட்டும்தான். இது எழுத்து பெருசா சின்னதான்னு பார்க்காம உள்ள விடுது. கீழ இருக்கிறது பார்க்குது. எப்படிப் பதிஞ்சாங்களோ அப்படியே அடிக்கணும் போல. சரி, பதிஞ்சது யாரு?"

"மேனேஜரோட மச்சான். சாமியைக் கூட்டிட்டு வந்ததும் அவர்தான்!" என்றார் அக்கா.

அன்று மாலையே மேடம் மேனேஜர் அறைக்குள் போனார். "சார், நீங்க சாமியை நம்புறீங்கல்ல?"

"உயிரா நம்புறேன்."

"அப்போ ஒரு சின்ன சோதனை. புது மெஷின்ல பேர் பதியற அனுமதி உங்ககிட்டயும் இருக்கு. எப்படிப் பதியறதுன்னு நான் லினக்ஸ் புத்தகத்தைப் பார்த்துச் சொல்றேன், உங்களுக்கு நீங்களே ஒரு புதுப் பேரைப் பதிஞ்சுக்குங்க. எந்த எழுத்து பெருசு, எது சின்னதுன்னு எங்கிட்டகூடச் சொல்லாதீங்க. மச்சான்கிட்டயும். பாஸ்வேர்டையும் நீங்களே போட்டுக்குங்க."

"சாமி சொல்லிடுவார், பாருங்க!" என்று மேனேஜர் குதூகலமாகப் பதிந்தார்.

திங்கட்கிழமை வரவேற்பறையில் கூட்டம் பிதுங்கியது. மேடம் வரச் சொன்னதால் அக்காவும் வந்திருந்தார். மேனேஜர் தன் புதுப் பெயரைச் சித்தர் காதில் சொன்னார். சித்தர் உறைக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை. எடுத்தபோது வியர்த்திருந்தது. மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்தார்.

"ரெண்டாவது எழுத்து" என்றார் சித்தர்.

மேனேஜர் அடித்தார். திறக்கவில்லை.

"அஞ்சாவது."

திறக்கவில்லை.

"முதலும் கடைசியும்! கிரகம் நகர்ந்துடுச்சு."

"கிரகம் எங்க நகர்ந்துது சாமி, நீங்கதான் நகர்றீங்க" என்றது ஒரு குரல். சித்தர் நாற்காலி உண்மையிலேயே வாசல் பக்கம் உருண்டுகொண்டிருந்தது.

"எல்லாமே பெருசு!" என்று கத்தினார்.

அதற்கும் திறக்கவில்லை. மேனேஜர் மெதுவாகச் சொன்னார்: "நான் எல்லாத்தையும் சின்ன எழுத்துலதான் பதிஞ்சேன், சாமி."

சிறிய எழுத்து என்ற ஒன்று இருப்பதே மகானுக்கு மறந்துபோயிருந்தது. அதில் கவர் வராதே!

"அந்த உறையைக் கொஞ்சம் குடுங்க" என்றார் மேடம். சித்தர் கொடுக்கவில்லை. அக்கா பிடுங்கினார். இருபது வருஷம் டைப் அடித்த விரல். சித்தரால் தாங்க முடியவில்லை. உள்ளே ஒட்டியிருந்தது ஒரு காகிதம். அலுவலகத்தில் உள்ள அத்தனை பேரின் பெயரும், யாருக்கு எந்த எழுத்து பெரிது என்பதும், மச்சானின் கோணல் கையெழுத்தில். அக்காவின் பெயர் மட்டும் கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் புதிதாக எழுதப்பட்டிருந்தது: ஒன்று விட்டு ஒன்று பெரிது, நடுவில் ஒரு எண்.

அக்கா அதைப் பார்த்து அடித்தார். திறந்தது.

யாரும் கைதட்டவில்லை. நாற்காலியைத் தள்ளிப் போட்டவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் விட்ட வேலையைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார். மேனேஜர் கடிதத்தைக் கிழித்தார். "மாப்ள..." என்று திரும்பினார். மாப்ளையும் மகானும் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி மட்டும் படியில் கிடந்தது.

அப்போதும் ஒருவர் கூட்டத்திலிருந்து கேட்டார்: "அப்போ நிஜமாவே ராசியான எழுத்து எதுங்க மேடம்?"

மேடம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த மெஷினுக்கு மூளை கிடையாது. அதுவே ஒரு எழுத்து மாறினா 'நீ யாரு?'ன்னு கேட்டு வாசல்லயே நிறுத்துது. உங்களுக்கு மூளை இருக்கு. முழுசா ஒரு மோசக்காரன் வந்து நடுக்கூடத்துல உட்கார்ந்தான், ஒருத்தராவது கேட்டீங்களா?"