அசைக்க முடியாத ஆள்

"பல்லாவரம் சந்தையில மதம் பிடிச்ச யானை ஒண்ணு என்னை முறைச்சுது. நான் திருப்பி முறைச்சேன். முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டுச்சு" என்றார் வேதசிரோமணி, ரயில்வே புக்கிங் கிளார்க், ரிட்டயர்டு.

"எந்த பாஷையில கேட்டுச்சு?" என்றாள் மனைவி ஞானஜோதி. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்ன எதையும் அவள் நம்பியதில்லை.

குரோம்பேட்டை அப்பார்ட்மென்ட் செகரட்டரி உமேஷ் நம்பிவிட்டான். மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு; வருகிறவர் நல்ல மாஸ்டரா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு வேதசிரோமணி சார் தலையில் விழுந்தது.

மறைமலை நகரிலிருந்து சவுரிமுத்து மாஸ்டர் வந்தார். அவர் நுழையக் கதவைக் கழற்ற வேண்டியிருந்தது. அடுக்கியிருந்த ஓடுகளை ஒரே தட்டில் மாவாக்கினார்.

"ஓடு என்ன, திருப்பியா அடிக்கப் போகுது? இதை வச்சு எப்படி மாஸ்டர்னு சொல்றது?" வாயை விட்டார் வேதசிரோமணி.

"கரெக்ட் சார். நீங்களே ஒரு ரவுண்டு வாங்க."

வேதசிரோமணி மாடிப்படி எந்தப் பக்கம் என்று பார்த்தார். "வேணாம் தம்பி. என் கை பட்டா உங்களுக்குத்தான் ஆபத்து."

இதைக் கேட்டு அப்பார்ட்மென்டே நாற்காலியோடு மாடியேறியது. மாஸ்டர் பயபக்தியோடு தலைக்கவசம் மாட்டிக்கொண்டார்.

"நல்ல மாஸ்டர் முதல் அடி அடிக்கவே மாட்டான்!" என்று கத்தினார் வேதசிரோமணி, தப்பித்தோம் என்று.

"தொடவே மாட்டேன் சார். தொடாமலே உங்களை அசைக்கறேன், பாருங்க."

முஷ்டி மூக்கு நுனியில் மயிரிழை விட்டு நின்றது. கால் காதோரம் காற்றைக் கிழித்தது. மாஸ்டர் போட்ட சத்தத்தில், மீனம்பாக்கத்தில் இறங்க வந்த விமானம் மறுபடி மேலே ஏறிவிட்டது.

வேதசிரோமணி இமைக்கவில்லை. இமைக்க ஆள் இருந்தால்தானே? உயிர் அப்போதே செங்கல்பட்டு லோக்கலைப் பிடித்துவிட்டது. ஓடு ஓடு என்று காலைக் கெஞ்சினார். கால் காது கொடுக்கவில்லை.

மாஸ்டர் குனிந்து வணங்கினார். "இப்படி ஒரு ஆளைப் பார்த்ததே இல்ல. நாளைக்கு என் குருநாதரை அழைச்சுட்டு வரேன். அவர் நிஜமாவே அடிப்பார். சாருக்கு அவர்தான் சரி."

"ஐயோ, பயத்துல விறைச்சுப் போயிட்டேன்யா!"

"என்ன தன்னடக்கம் பாருங்க!" உமேஷ் கைதட்டினான்.

வேதசிரோமணி கடைசியாக மனைவி பக்கம் திரும்பினார். "ஜோதி, கர்த்தர் மேல ஆணையா சொல்லு. நான் வெறும் வாய்தானே? நீ எதையாவது நம்பியிருக்கியா?"

ஞானஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இதுவரைக்கும் நம்பினதில்லதாங்க. ஆனா இது நடந்துச்சு. என் கண்ணால பார்த்தேன்."