குடை என்னுடையது, நிழல் யாருடையது?

அன்னம்மாள் துணை

அஜின்கோர்ட், றொறன்ரோ
மாசி மாதம், ஸ்நோ விடாமல் கொட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்பும் பண்பும் (வேலி விஷயம் நீங்கலாக) நேர்மையும் நிறைந்த மச்சான் கஸ்பருக்கு,

உமது அக்கா செலீனும் நானும் மாதாவின் தயவில் சுகம். இளவாலையில் நீரும் வீட்டாரும், கோடிப்பக்கத்துக் கிணறும், மற்றும் நான் இப்போதைக்குப் பெயர் சொல்ல விரும்பாத அந்த மரமும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் எடுத்தால் நான் ஏதாவது சொல்ல நீர் வைத்துவிடுவீர் என்பதால் பழைய முறைப்படி பேனா பிடித்திருக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் மனதில் குற்றம் இருப்பதாக எண்ண வேண்டாம். தோள்மூட்டு வெயிலில் எரிந்து தோல் உரிகிறது. வெளியே முழங்கால் அளவு ஸ்நோ கிடக்கிற ஊரில் ஒருவனுக்கு வெயில் எப்படிச் சுட்டது என்று நீர் கேட்பீர். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உண்மையில் அதற்காகவும் இல்லை. நீர் ஆவணியில் கனடா வருகிறீராம். வந்தால் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்கு வராமல், மிசிசாகாவில் உமது பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் கிருபன் வீட்டில் தங்கப் போகிறீராம். இந்தக் கதை என் காதில் விழுந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் காணிக்கும் உமது காணிக்கும் நடுவிலுள்ள வேலியை நீர் ஒரு முழம் எங்கள் பக்கமாக அரக்கி நகர்த்திப் போட்டு, கறுத்தக்கொழும்பான் மாமரத்தை உமது பக்கம் எடுத்துவிட்டீர் என்பது என் கட்சி. அரக்கவேயில்லை என்பது உமது கட்சி. உமது அக்காவுக்குக் கட்சி கிடையாது, அவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆனால் எங்கள் நடு அறைக் கட்டிலுக்குப் புது விரிப்பு வாங்கி விரித்துவிட்டு, கதவைச் சாத்தி வைத்திருக்கிறார். அந்தக் கதவைக் கடந்து குளியலறைக்குப் போகும்போதெல்லாம் கால் சத்தம் கேட்காமல் நடக்கிறேன்.

நிற்க. எங்கள் மகன் ஜஸ்ரின், அப்பாவும் அம்மாவும் குளிரில் வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று எங்களை ஒரு உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பினான். மச்சான், கப்பலைப் பற்றி நான் சொன்னால் நீர் நம்பமாட்டீர். எங்கள் கோயிலையும் கன்னியர் மடத்தையும் சந்தையையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் புகைபோக்கிக்கு எட்டாது. அதைவிடப் பெரிய அதிசயம், அந்தக் கப்பல்காரர்கள் நடுக்கடலில் ஒரு தீவையே தங்களுக்கென்று வைத்திருக்கிறார்கள். கப்பல் அங்கே ஒரு பகல் நிற்கும், சனங்கள் இறங்கிக் கடற்கரையில் படுக்கலாம், குளிக்கலாம், தின்னலாம். கப்பலை விட்டு இறங்கும்போது சமைத்த சாப்பாடோ பழமோ வெளியே கொண்டுபோகக்கூடாது என்று சட்டம். உமது அக்கா எந்தப் பயணத்துக்கும் கட்டுச்சாப்பாடு இல்லாமல் இறங்கிய மனிசி அல்ல. காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து அவித்த முட்டையும் வாழைப்பழமும் பாணும் துவாய்க்குள் சுற்றி எடுத்திருந்தார். ஒரு காவல்காரி எவ்வளவு மரியாதையாக அதை வாங்கி வைத்துக்கொண்டு, தீவிலே இதைவிட நல்ல சாப்பாடு சும்மா தருவோம் அம்மா என்று சொன்னாள் என்கிறீர். பறிகொடுத்த பிறகும் செலீன் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தார். அப்படி ஒரு ஒழுங்கு, அப்படி ஒரு பண்பு.

தீவில் கால் வைத்ததும் நான் பார்த்தது கடலை அல்ல. கடல் அழகுதான், அடியில் ஓடுகிற மீன் தெரிகிற நீலம். நான் பார்த்தது வேறு. ஒரு முழுத் தீவு, அதில் வேலிக்கு நட்ட ஒரு கதியால் கிடையாது. வேலி கிடையாது, மதில் கிடையாது, கம்பி கிடையாது. எங்கட சனம் இரண்டு பரப்புக் காணிக்கு மூன்று தலைமுறை வழக்குப் பேசிக் கோட்டு வாசலில் நிற்கும். இவர்கள் ஒரு தீவை வைத்துக்கொண்டு, வாருங்கோ இருங்கோ என்கிறார்கள். மணலை யாரோ சீப்பால் இழுத்து வைத்தது போல இருந்தது. வரிசை வரிசையாகச் சாய்கதிரைகள், இரண்டு கதிரைக்கு ஒரு நீலக் குடை. எது யாருடையது என்று எழுதிக்கூட வைக்கவில்லை. இதையெல்லாம் பார்த்து வியந்துகொண்டே நான் விறுவிறென்று நடந்து, முன்வரிசையில் மேற்குக் கடைசிக் குடையைப் பிடித்தேன். மூலைக்காணி. ஒரு பக்கம்தான் அயல், மற்றப் பக்கம் வெறும் மணல், யாரும் அரக்க முடியாது. ஊரில் பஸ் யன்னலுக்குள்ளால் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடித்த கையல்லவா, என் சட்டை, தொப்பி, செருப்பு, செலீனின் கைப்பை, துவாய் என்று ஆறு கதிரைகளில் பரப்பிவிட்டேன். நாங்கள் இரண்டு பேர் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. அங்கே வேலை செய்கிற ஒரு நடுத்தர வயது அம்மா வந்து, சிரித்த முகம் மாறாமல், நாலு கதிரையில் இருந்ததை எடுத்து அழகாக மடித்து என் மடியில் வைத்துவிட்டுப் போனார். கோபிக்கவே மனம் வரவில்லை.

கிழக்குப் பக்கத்துக் குடைக்கு ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். இருவரும் கறுப்புக் கண்ணாடி, பெரிய தொப்பி. நான் இங்கிலீசில் குட்மோர்னிங் சொன்னேன், அவரும் சொன்னார். காலை முழுக்க என் கதிரையில் அருமையான நிழல். எங்கிருந்து வருகிறது என்று நான் பார்க்கவில்லை. நல்ல காணியில் நிழல் இருப்பது வழமைதானே. என் குடையின் நிழல் மேற்கே வெறும் மணலில் விழுந்துகொண்டிருந்தது. அதையும் வீணாக்காமல் அங்கே பையைக் கொண்டுபோய் வைத்தேன். மத்தியானம் அவர்கள் சும்மா தந்த சாப்பாட்டில் இறைச்சியும் இறாலும் ஒரு பிடி பிடித்துவிட்டு, ஐஸ்கிறீமும் கையுமாகத் திரும்பி வந்தால், மச்சான், என் கதிரையில் வெயில் கொளுத்துகிறது. என் குடையின் நிழல் முழுதாகப் பக்கத்துக் காணியில் கிடக்கிறது. அதன் நடுவில் அந்த மனிதர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நித்திரை.

நீர் என்னை அறிவீர். சண்டைக்குப் போகிறவன் அல்ல நான். ஆனால் என் குடை, என் நிழல். றொறன்ரோவில் எங்கள் வீட்டு வாசலில் ஸ்நோ தள்ளும்போதுகூடப் பக்கத்து வீட்டுக்காரனின் எல்லையில் ஒரு விரற்கடை கூடுதலாகத் தள்ளாதவன் நான். அப்படிப்பட்டவன் சும்மா இருப்பேனா? சத்தமில்லாமல் என் கதிரையை நிழல் பக்கம் ஒரு சாண் அரக்கினேன். அவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, தன் கதிரையை என் பக்கம் ஒரு சாண் அரக்கினார். நான் திருப்பி அரக்க, அவரும் அரக்க, இரண்டு கதிரைக் கால்களும் முட்டிக்கொண்டன. நான் எழுந்து குடைக் கம்பிலிருந்து முழத்தால் அளந்து, குதிக்காலால் மணலில் ஒரு கோடு கிழித்து, கோட்டின்மேல் சிப்பியும் சோகியும் பொறுக்கி வரிசையாகக் குத்தினேன். நேரான வேலி, நீர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பீர். குத்தி முடிந்து நிமிர, அதே சிரித்த முகத்து அம்மா வாரியுடன் வந்து, சரக் சரக்கென்று இரண்டு இழுவையில் மணலை மட்டமாக்கிவிட்டு, ஹாவ் எ நைஸ் டே என்று சொல்லிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். மூன்று தலைமுறையாக நம்மவர்கள் செய்ய முடியாததை அந்த மனிசி இரண்டு இழுவையில் செய்தார்.

அப்போதுதான் பக்கத்து மனிதர் தன் மனைவியிடம் நல்ல தமிழில் சொன்னது கேட்டது. “பாத்தீங்களா ஸஹ்னா, அங்கிள் வேலி போடுறாரு.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. ரில்வான் என்று பெயர், புத்தளத்தவர், தளபாடக் கடை வைத்திருக்கிறாராம். எங்கே என்று கேட்டேன். மிசிசாகா என்றார். உம்மாலே எனக்கு அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே பிடிக்காது என்பதை அவர் அறியமாட்டார். நான் நிழல் விஷயத்தைத் தமிழில் விளங்கப்படுத்தினேன். குடைக் கம்பு யார் இடத்தில் நிற்கிறதோ, நிழலும் அவருக்கே உரித்து என்று சட்டம் பேசினேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

“சரி அங்கிள், ஒத்துக்கிறேன். அப்ப காலையில நீங்க யாரு நிழல்ல படுத்திருந்தீங்க?”

நான் திரும்பிப் பார்த்தேன். அவருடைய குடை, அதற்கு அங்கால் இன்னொரு குடை, அதற்கும் அங்கால் ஒன்று. எல்லா நிழலும் ஒரே பக்கம்தான் போகிறது. வரிசையிலுள்ள ஒவ்வொருவரும் தங்கள் நிழலை ஒரு அயலுக்குக் கொடுத்துவிட்டு மற்ற அயலிடம் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பின்னேரத்தில் வாங்குவதற்கு ஒருவரும் இல்லாதவன் மூலைக்காணிக்காரன் ஒருவன்தான். நான் தொப்பியை எடுத்து மணலைத் தட்டினேன். தோற்றேன் என்று எண்ண வேண்டாம், யோசித்துக்கொண்டிருந்தேன்.

இதற்குள் உமது அக்கா என்ன செய்தார் என்று நினைக்கிறீர்? தன் துவாயைத் தூக்கிக்கொண்டு எழுந்து, ஸஹ்னாவின் பக்கத்தில் போய்ச் சாய்ந்துவிட்டார். சாய்ந்துவிட்டு என்னைப் பார்த்து, “இஞ்சருங்கோ, நீங்கள் நிழலுக்குக் காணி உறுதி முடிச்சுக்கொண்டு வாங்கோ. நான் அதுவரைக்கும் இதிலை இருக்கிறன்” என்றார். பிறகு ஸஹ்னாவிடம், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். “ஊரிலை எங்களுக்கு ஒரு மாமரம் இருக்குப் பிள்ளை. இவர் கனடா வந்த நாளிலை இருந்து அதின்ரை ஒரு பழம் தின்னேல்லை. ஆனா அது ஆரின்ரை பக்கம் நிக்குது எண்டு நித்திரையிலையும் யோசிக்கிறார்.”

நான் கொள்கைக்காக வெயிலிலேயே இருந்தேன். தோள் எரிந்தது, மூக்கு எரிந்தது, ஐஸ்கிறீம் முழங்கை வரைக்கும் ஒழுகியது. அந்தப் பக்கத்தில் மூன்று பேரும் சிரித்துச் சிரித்து என்னவோ கதைத்தார்கள். உமது அக்கா அப்படிச் சிரித்து நான் கன காலம் பார்த்ததில்லை. எப்போதிலிருந்து என்று கணக்குப் பார்த்தால் வேலி போட்ட வருஷம் வருகிறது, ஆகவே கணக்கை விட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து என்னிடம் வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோபமில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“தம்பி மிசிசாகாவிலை தங்கினா நானும் அங்கை போய்த்தான் இருப்பன். உங்களுக்கு முழு வீடும் இருக்கும், முழு வேலியும் இருக்கும்.”

மச்சான், கட்டின நாளிலிருந்து ஒரு இரவுகூட நான் தனியாகத் தேத்தண்ணி போட்டுக் குடித்தவன் அல்ல. அதற்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நடு அறைக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணில் பட்டது என்று சமாளித்தேன். ரில்வான் தன் கதிரையைத் தள்ளி இடம் வைத்து, “வாங்க அங்கிள், நிழலு போகுது” என்றார். நிலைமையைப் பார்வையிடும் நோக்கத்துடன் போய் உட்கார்ந்தேன். பிறகு நிழல் கிழக்கே போகப் போக நாங்கள் நாலு பேரும் கதிரைகளை இழுத்து இழுத்து அதன் பின்னாலேயே போனோம். அங்கால் குடைக்காரரும் அரக்கி இடம் விட்டார், அவருக்கு அங்கால் ஒருவர் விட்டார். எல்லோரும் அரக்குகிறார்கள், ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. கப்பல் சங்கு ஊதும்போது நாங்கள் யாருடைய குடைக்குக் கீழே இருந்தோம் என்று எங்களுக்கே தெரியாது. என் வாழ்நாளில் நான் இருந்த நல்ல நிழல் அதுதான்.

ஆகவே விஷயத்துக்கு வருகிறேன். வேலி இப்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும். மாமரம் உமது பக்கத்திலேயே நிற்கட்டும். இதை நான் முழு மனதுடன், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், அதாவது உமது அக்காவின் வற்புறுத்தல் தவிர வேறு யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் விட்டுக்கொடுக்கிறேன். நீர் எங்கள் வீட்டுக்கு வாரும். எயார்போட்டுக்கு நானே வருவேன். ரில்வானும் ஸஹ்னாவும் உம்மைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே மிசிசாகாவும் உம்மிடம் வரும், நீர் அங்கே போகத் தேவையில்லை.

அன்னம்மாள் உம்மையும் பிள்ளைகளையும் காப்பாளாக. கோயிலில் கண்டு சுகம் கேட்பவர்களுக்கெல்லாம் எங்கள் அன்பைச் சொல்லும். கேட்காதவர்களுக்கும் சொல்லும், அவர்களில் இரண்டொருவர் நம் வழக்கில் சாட்சிகள்.

இப்படிக்கு,
என்றும் உமது அன்பு அத்தான்,
இக்னேசியஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் உமது அக்கா இதை வாங்கி வாசித்தார். வாசித்துவிட்டு மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். ஞாயிறு தோறும் பூசை முடிந்து நான் கோப்பிக் கடையில் நிற்கும் நேரத்தில் நீங்கள் இருவரும் வட்ஸ்அப்பில் கதைக்கிறீர்களாம். நீர் எங்கள் வீட்டுக்கு வருவது எப்போதோ முடிவாகிவிட்டதாம். மிசிசாகாக் கதையைக் கட்டிவிட்டதே அவர்தானாம். நீர் கனடா வருவதே கிருபனுக்குத் தெரியாதாம். எல்லாவற்றுக்கும் மேலாக, போன மாரிப் புயலில் அந்த வேலி அடியோடு சரிந்து, இப்போது ஆடு மாடெல்லாம் இரண்டு காணிக்கும் ஒரே நடையாகப் போய் வருகின்றனவாம். நீரும் திருப்பிப் போடவில்லையாம். அப்படியானால் நான் மேலே பெருந்தன்மையுடன் விட்டுக்கொடுத்த வேலி உலகத்திலேயே இல்லை. இல்லாத வேலியை விட்டுக்கொடுத்தவன் என்று இளவாலையில் என் பெயர் அடிபடக்கூடாது, ஆகவே கடிதத்தை வாசித்ததும் கிழித்துவிடும். நடு அறை ஆயத்தம், நேரே வாரும். வேலியை அவசரப்பட்டுப் போட வேண்டாம். போடத்தான் வேண்டுமென்றால், நான் வந்து நூல் பிடிக்கும்வரை பொறும்.