எண்ணெய்ச் சட்டிக்குள் ஓர் அமெரிக்கப் பூ

வேலையை வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாது என்பார்கள். நான் கொண்டு வந்து ஃபிரிட்ஜுக்குள்ளேயே வைத்தேன்.

ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் ஒரு தாவரத் தோட்டத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். தகுதிகாண் காலம். (தும்மினாலும் மன்னிப்புக் கேட்ட காலம்.) என் பொறுப்பில் ஓர் அரிய செடி இருந்தது. அமெரிக்காவின் வறண்ட சேஜ்பிரஷ் புதர்வெளியில் முளைப்பது. விரல் உயரம், மஞ்சள் பூ. ஒரே பருவத்தில் பூத்து, விதை போட்டு, செத்துவிடும். விதை போனால் எல்லாம் போச்சு.

விதைப்பதற்கு முன் அந்த விதைகள் குளிரில் இருக்கவேண்டும். தோட்டத்துக் குளிர்பெட்டி பழுதாகிவிட்டது.

"சனி, ஞாயிறு மட்டும் உன் வீட்டில் வைக்கலாமா?" என்று மேலாளர் பிரிகிட்டா கேட்டார்.

"தாராளமாக!" என்றேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

ஞாயிறு மதியம் சமையல் கணவருடையது. குசினியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சாரும், இந்தக் கடுகு பழசோ? வெடிக்குதே இல்லை!"

"எந்தக் கடுகு?"

"ஃபிரிட்ஜுக்குள்ளை சின்னப் போத்திலிலை இருந்ததுதான்."

ஓடினேன். கொதிக்கும் எண்ணெயில், வெங்காயத்தோடும் காய்ந்த செத்தல் மிளகாயோடும், என் வேலை மிதந்துகொண்டிருந்தது.

"ஐயோ, அடுப்பை நிப்பாட்டுங்கோ! அது கடுகில்லையப்பா, பூ!"

"பூவோ? இதுக்குள்ளை பூ எங்கை கிடக்கு?"

எண்ணெயை வடித்து, கருகிய வெங்காயத்துக்குள் விதை பொறுக்கினேன். கணவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதவினார். செத்தல் மிளகாயின் விதைகளையும் பத்திரமாகச் சேர்த்துத் தந்தார். போத்திலின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மறுநாள் ரயிலில் மன்னிப்பு வசனங்களை முணுமுணுத்துப் பழகினேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இருக்கைக்குப் போனார்.

பிரிகிட்டா வறுபட்ட விதைகளை முகர்ந்து பார்த்தார்.

"வெங்காயமா?"

"ஆம்."

"மிச்சத்தை விதை. முளைக்காவிட்டால் பேசுவோம்."

அந்தப் 'பேசுவோம்' என்ற சொல்லை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு தினமும் தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். மண் மண்ணாகவே இருந்தது. நான்தான் மெலிந்தேன். கடைசியில் ஒரு காலை, ஊசிமுனை போலப் பச்சை தெரிந்தது. அழுதேவிட்டேன். செடியும் பூத்தது, வேலையும் நிலைத்தது.

பிரிகிட்டா இப்போது எங்கள் வீட்டில் ஒருத்தர் மாதிரி. சாப்பிட வந்தால் முதலில் கறியைக் கரண்டியால் கிளறுவார். பிறகு கணவரை நிமிர்ந்து பார்த்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைக் கேட்பார்:

"கடுகு?"

கணவர் தலையில் கை வைத்துச் சொல்லுவார்: "ஓம், சத்தியமாக் கடுகுதான்!"