பீரோவுக்குள் பேய், வெளியே சொல்லிக்காட்டிகள்

உதவி செய்கிறவர்கள் இருக்கிறார்கள், உதவி செய்யாதவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரோடும் எப்படியோ காலம் தள்ளிவிடலாம். மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. என்றைக்கோ ஒரு நாள், போகிற போக்கில், உங்களுக்குக் குடை பிடித்திருப்பார். அன்றைக்கு மழை சரியாகக்கூடப் பெய்திருக்காது. ஆனால் அதற்குப் பிறகு வானம் கறுக்கும்போதெல்லாம் உங்களைப் பார்த்து ஒரு தினுசாகச் சிரிப்பார், நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், "இவருக்கு அன்னிக்கு நான் மட்டும் குடை பிடிக்கலேன்னா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டு, பெருமூச்சு விட்டு, அன்றே நீங்கள் குளிர்ஜுரம் வந்து போய்ச்சேர்ந்திருப்பீர்கள் என்று சபையை நம்பவைத்துவிட்டு, சாவகாசமாகத் தண்ணீர் குடிப்பார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சொல்லிக்காட்டி. உங்களுக்கும் தெரிந்தவர்தான். பெயரை மனசுக்குள்ளேயே சொல்லிக்கொள்ளுங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறார்.

இவர்களைப் பற்றிப் பேச உனக்கென்ன யோக்கியதை என்கிறீர்களா? எனக்கு இருக்கிற யோக்கியதை வேறு யாருக்கும் கிடையாது. போன மாதம் எனக்கு ஞாபகம் மொத்தமும் போய்விட்டது. யார் எனக்கு என்ன செய்தார்கள், நான் யாருக்கு என்ன செய்தேன், ஒன்றும் தெரியாது. சொல்லிக்காட்டிகளுக்கு இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடுவார்களா? வரிசையில் நின்றார்கள்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஓர் ஒற்றன். நம்புங்கள், நானும் அடுத்தவர் சொல்லித்தான் நம்பினேன். எங்கள் அலுவலகத்து வாசலில் 'பழைய கோப்புகள் பராமரிப்புப் பிரிவு' என்று பலகை தொங்கும். ஒரு மனிதப் பிறவியும் உள்ளே எட்டிப் பார்க்காமலிருக்க இதைவிட நல்ல பெயர் கிடையாது. உள்ளே நடப்பது பேய்களை வைத்து வேவு பார்க்கும் வேலை. பூட்டிய அறைக்குள் போய் ஒட்டுக்கேட்கப் பேயை விட்டால் வேறு யார்? சுவர் தடுக்காது, லீவு கேட்காது, சங்கம் வைக்காது. எதிரி நாட்டுக்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா? அவர்களிடம் ஒரு நினைவுதின்னிப் பேய் இருந்தது. ஆளைத் தொட்டால் போதும், ஞாபகத்தை அப்படியே உறிஞ்சிவிடும். அதைப் பிடித்து வர என்னை அனுப்பினார்கள். பிடித்தேன். பிடிப்பதற்குள் அது என்னைச் சாப்பிட்டு முடித்திருந்தது.

அந்தப் பேய் எங்கள் அலுவலகத்துக் கடைசி அறையில், ஓர் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தது. தின்ற ஞாபகம் ஜீரணமாக அதற்கு இருபத்தொரு நாள் ஆகும். அதற்குள் உரிய ஆள் 'நினைவு மீட்புப் படிவம்' ஒன்றில் கையெழுத்துப் போட்டால், எல்லாவற்றையும் கக்க வைத்துவிடுவார்கள். பழைய நான் முழுசாகத் திரும்பி வந்துவிடுவேன். போடாவிட்டால் போனது போனதுதான். கெடு முடிகிற நாள் வெள்ளிக்கிழமை, பகல் பதினோரு மணி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே பேனாவைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். படிவத்தைக் கண்டதும் அவளுக்கு ரத்தமே வற்றிப்போயிருந்தது.

"ஏன், நான் நல்லவன் இல்லையா?" என்று கேட்டேன்.

"டீ ஆறிடும், குடிங்க" என்றாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். பழைய நான் எப்படிப்பட்ட ஆள்? இது தெரியாமல் அவனை எப்படி வீட்டுக்குள் சேர்ப்பது? விசாரிக்கலாம் என்று கிளம்பினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் வந்தவர் எங்கள் ஜீப் ஓட்டுநர். நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமி, இந்த இனம் முழுவதும் சொல்லும் அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

"நான் சொல்லிக்காட்டறேன்னு நினைக்காதீங்க சார்."

இது காதில் விழுந்தால் உங்களுடைய அடுத்த அரைமணி நேரம் அம்பேல். எழுந்து ஓடவும் முடியாது. ஓடினால் நன்றி கெட்டவன் என்று ஆகிவிடும். கிணற்றுப் பேயைப் படம் எடுக்கப் போன இடத்தில் நான் தவறி விழுந்ததாகவும், அவர்தான் கயிற்றைப் போட்டு என்னைத் தூக்கியதாகவும், கை தேய்ந்து தோல் உரிந்துவிட்டதாகவும் சொல்லி உள்ளங்கையைக் காட்டினார். வழுவழுவென்று இருந்தது. "ஆறிடுச்சு சார். உங்களுக்காக ஆற விட்டேன்" என்றார். அன்றிலிருந்து ஜீப்பில் நான்தான் அவருக்குக் கதவு திறந்துவிட்டேன்.

அடுத்தது எங்கள் தலைவர். இவர் உயர்ரகச் சரக்கு, நேராகச் சொல்லவே மாட்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைப் பார்ப்பார். அப்புறம் உங்களைப் பார்ப்பார். மறுபடியும் நாற்காலியைப் பார்ப்பார். "உன் கோப்பு என் மேசைக்கு வந்துதுப்பா. தள்ளி வெச்சிருக்கலாம். வெச்சேனா? சொல்லு, வெச்சேனா?" என்று கேட்பார். ஞாபகமே இல்லாத மனுஷன் என்ன சொல்லுவான்? "இல்லீங்க ஐயா" என்றேன். "அது போதும்" என்று கண்ணை மூடிக்கொண்டார். பேச்சுவாக்கில், கிணற்றிலிருந்து என்னைத் தூக்கியதும் அவர்தான் என்று தெரிய வந்தது.

என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், குடும்பப் பிரிவு. வாசற்படியிலேயே ஆரம்பித்துவிட்டார். "மாப்பிள்ளை, உங்களுக்கு என் தங்கச்சியைக் குடுக்க வீட்ல எல்லாரும் வேணாம்னாங்க. நான் ஒருத்தன்தான் ஒத்தக் கால்ல நின்னேன். சும்மா ஒரு தகவலுக்குச் சொல்றேன்." எழுந்து போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அந்தக் கிணத்து விஷயம்கூட..." என்று இழுத்தார்.

ஆக, ஒரே கிணறு, ஒரே நான், தூக்கியவர்கள் மூன்று பேர். விளிம்பைச் சுற்றி இத்தனை பேர் நின்றிருந்தால் நான் விழுந்ததெப்படி? இவர்களில் யாராவது தள்ளிவிட்டார்களா? கேட்டால் கோபம் வரும். கேட்கவில்லை. வாரம் மூன்று ஆவதற்குள் எனக்கு முதுகு வளைந்தே போய்விட்டது. பார்க்கிறவர்களுக்கெல்லாம் முன்கூட்டியே நன்றி சொல்லப் பழகிக்கொண்டேன். வீதியில் வழி கேட்டு நின்ற ஒரு ஆளுக்குக்கூட நன்றி சொன்னேன். அவர் பயந்துபோய் வேறு பக்கமாகப் போய்விட்டார்.

ஒருத்தி மட்டும் ஒன்றையும் சொல்லவில்லை. என் மனைவி. "உனக்கும் எனக்கும் நடுவுல ஏதாவது நடந்திருக்குமே, சொல்லேன்" என்று கெஞ்சினேன். "எல்லா வீட்லயும் நடக்கறதுதான்" என்பாள். ஒரு நாள் அவளுக்கு இருமல் வர, ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். தம்ளரை வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை என்று தெரிந்ததும் மடமடவென்று குடித்துவிட்டு, அடுப்பங்கரைக்குப் போய், மெதுவாக ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். அவளுக்குப் பாட வரும் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இவளை விட்டுவிடக் கூடாது என்று அன்றைக்குத் தோன்றியது. காதல் என்றே சொல்கிறேனே, யாருக்கு வெட்கம்?

வியாழக்கிழமை தலைவர் ஒரு முத்திரையிட்ட உறையை நீட்டினார். எங்கள் இலாகாவில் ஒரு விதி இருக்கிறது. பேய் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும், ஒருவேளை ஞாபகம் போய்விட்டால் படித்துத் தெரிந்துகொள்ள, தன்னைப் பற்றித் தன் கையாலேயே ஒரே ஒரு தாள் எழுதி மூடிவைக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்தே தீர வேண்டும். ஒரு தாள் என்பது விதி. என் உறை தலையணை மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரை மேசையில், மனைவி எதிரில் பிரித்தேன். ஏழு தாள். இரண்டு பக்கமும். நாட்டின் ரகசியங்கள், சங்கேத வார்த்தைகள், என் வீரதீரங்கள், எதை வேண்டுமானாலும் எதிர்பார்த்தேன். சத்தமாகப் படித்தேன்.

'ஞாபகம் போன எனக்கு, நான் எழுதுவது. கீழ்க்கண்டவற்றை உடனே மனப்பாடம் செய்யவும். ஓட்டுநரைக் கிணற்றிலிருந்து தூக்கியது நான்தான். வாரம் ஒரு முறையாவது அவரிடம் சொல்லவும். கையில் தழும்பு இல்லை, இருப்பதாகச் சொல்லவும். தலைவர் முக்கியமான கூட்டத்தில் தூங்கிவிட்டபோது மேசைக்கடியில் காலால் இடித்து எழுப்பி அவர் பதவியைக் காப்பாற்றியது நான்தான். வாயால் சொல்ல வேண்டாம், அவர் நாற்காலியைப் பார்த்தால் போதும். மச்சானை வீடு மாற்றிய அன்று பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தது நான்தான். வாசற்படியிலேயே ஆரம்பிக்கவும்.'

குரல் இறங்கிவிட்டது. அடுத்த தாளைத் திருப்பினேன். அதிலிருந்து கடைசி வரை மனைவி.

'அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் வெந்நீர் வைத்துக் கொடுத்தது நான்தான். அவள் அம்மாவை மூட்டையோடு பஸ் ஏற்றிவிட்டது நான்தான். அவள் வேலைக்குப் போகச் சம்மதித்தது நான்தான். எதிர்த்துப் பேசினால் வெந்நீர்ப் பேச்சை எடுக்கவும். இதுவரை தோற்றதில்லை.'

ஏழு தாளிலும் தேடினேன். என் பெயரைக்கூட எழுதவில்லை. என்ன ஜென்மம் இது!

அவள் கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், சுத்தமாக இருந்த இடத்தையே.

"ரெண்டு நாள் வெந்நீர்ங்க. பன்னெண்டு வருஷமா குடிச்சிட்டிருக்கேன்" என்றாள். "உங்களுக்கு ஞாபகம் போயிடுச்சுன்னதும் ஆஸ்பத்திரில எல்லாரும் அழுதாங்க. நானும் அழுதேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திட்டு சிரிச்சேன். தப்புதான். ஆனா சிரிச்சேன்."

"அப்போ நாளைக்குக் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்றியா?"

"நான் எதுவும் சொல்லல. நான் சொல்லி நீங்க செஞ்சதா இருக்க வேணாம். அப்புறம் அதையும்..."

"அதையும்?"

"சொல்லிக்காட்டுவீங்க."

மறுநாள் காலை ஜீப்பில் ஏறியதும் ஓட்டுநரிடம் நேராகவே கேட்டேன். "யாருய்யா யாரைத் தூக்கினது?"

அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "நீங்கதான் சார் என்னைத் தூக்கினீங்க. ஒன்பது வருஷமா அதைக் கேட்டுட்டே வண்டி ஓட்டறேன். ஒவ்வொரு திருப்பத்துலயும் கிணறு. உங்களுக்கு மறந்துபோச்சுன்னதும் மூணு பேரும் டீக்கடைல உக்காந்து பேசினோம். ஒரு மூணு வாரம் நாங்க சொல்லிப் பாக்கலாம்னு ஆசை. அவ்வளவுதான் சார். ஆளுக்கு ஒண்ணுன்னுதான் பிரிச்சோம், கிணத்தை யாருக்கும் விட மனசு வரல."

கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. என் கைப்பட வளர்த்த பிள்ளைகள் மூன்று பேரும். நாற்காலிப் பார்வை, வாசற்படி ஆரம்பம், கைத்தழும்பு எல்லாம் நான் சொல்லிக்கொடுத்த பாடம்தான்.

பதினோரு மணிக்குக் கடைசி அறையில் தலைவர், ஓட்டுநர், நான். பீரோ முனகிக்கொண்டிருந்தது. ராஜாங்க ரகசியம் கனமான சரக்கு, அதனால்தான் பேய்க்குச் செரிக்கவில்லை என்று அலுவலகம் முழுக்கப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். படிவத்தை மேசையில் விரித்ததும் சாவித் துவாரம் வழியாகப் பேயின் குரல் வந்தது.

"சீக்கிரம் போடுங்க ஐயா, புண்ணியமாப் போகும். எத்தனையோ தளபதிங்க, அமைச்சருங்க ஞாபகத்தையெல்லாம் தின்னிருக்கேன். இப்படி ஒண்ணு என் வாழ்நாள்ல... என் சாநாள்ல தின்னதில்ல. இருபது நாளா வயித்துல கல்லு மாதிரி கெடக்கு. ஏப்பம் விட்டாக்கூட 'நான்தான், நான்தான்'னு வருது."

தலைவர் கூரையைப் பார்த்தார். ஓட்டுநர் தன் செருப்பைப் பார்த்தார். நான் படிவத்தை நாலாகக் கிழித்தேன். பீரோவுக்குள்ளிருந்து வந்த ஓலத்தை நான் இருக்கும்வரை மறக்க மாட்டேன். வெளியே இரண்டு பேரும் மூச்சு விட்ட சத்தம் அதைவிடப் பெரியது.

வீட்டுக்கு நடந்தே போனேன். மனைவி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கிழிந்த நாலு துண்டையும் அவள் கையில் வைத்தேன். துண்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். இதற்கு முன்னால் அவள் எப்போது அப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், இரண்டு பேரும் அப்படியே நின்றோம். அந்த நிமிஷத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"பாத்தியா, உனக்காக என் ஞாபகத்தையே விட்டுக்குடுத்திருக்கேன்" என்றேன்.

கை நழுவியது. நாலு துண்டையும் ஒழுங்காக அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இது எத்தன வருஷத்துக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பேய்க்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: தம்பி, நீ தின்றது வெறும் ஞாபகத்தைத்தான், ஆளை விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு அவள் பாடிக் கேட்கவில்லை. இருமல் வந்தால் தண்ணீரைத் தானே எடுத்துக்கொள்கிறாள். நான் தினமும் வாயைக் கட்டிப் பழகுகிறேன். பத்து நாள் ஆகிறது. இந்தப் பத்து நாளாக நான் எதையும் சொல்லிக்காட்டவில்லை என்பதை அவளிடம் இரண்டு முறை எடுத்துச் சொல்லியும் ஆயிற்று.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். சிரித்து முடித்ததும் ஒரு தாளும் பேனாவும் எடுத்து, நாளைக்கே உங்களுக்கு ஞாபகம் போய்விடும் என்று வைத்துக்கொண்டு, உங்களைப் பற்றிப் பத்து வரி எழுதிப் பாருங்கள். பத்துக்குள் அடங்குகிறதா, தாள் போதாமல் பின்பக்கம் திருப்புகிறீர்களா என்று கவனியுங்கள். பிறகு அதை வீட்டில் யார் கண்ணிலும் படாமல் கிழித்துப் போட்டுவிடுங்கள். இப்படி ஒரு நல்ல யோசனையை உங்களுக்குச் சொன்னது யார் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான் சொல்லிக்காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.