நாலு விரல் வாத்தியார்

கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் காத்திருந்து, வராத பதிலைப் பாராட்டிவிட்டுப் போகிற ஓர் இனம் இருக்கிறது. வங்கியில் பார்த்திருப்பீர்கள், ஆஸ்பத்திரியில் பார்த்திருப்பீர்கள், சொந்த வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். ஆனால் இந்த இனத்தின் கலப்படமில்லாத மாதிரியைப் பார்க்க வேண்டுமென்றால் வானொலி நிலையத்தின் இரண்டாம் ஒலிப்பதிவு அறைக்குத்தான் போகவேண்டும். அங்கேதான், பள்ளிக்கூடமும் மின்சாரமும் எட்டாத ஊர்களுக்கு வானொலி வழியே கணக்குப் பாடம் நடத்துகிறார் நம் வாத்தியார்.

வானொலிப் பாடத்தில் ஒரு முறை உண்டு. கேள்வி கேட்டதும் நான்கு விநாடி சும்மா இருக்கவேண்டும். எங்கோ ஒற்றைப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அதற்குள் பதிலை உரக்கச் சொல்லவேண்டும். நல்ல ஏற்பாடுதான். வாத்தியார் கேள்வி கேட்பார், ஒவ்வொரு விரலாக நான்கு விரல் மடக்குவார், மைக்கை நோக்கிக் குனிந்து, "சபாஷ்! சரியாகச் சொன்னீர்கள் குழந்தைகளே!" என்பார். பதினோரு வருஷமாக ஒரு குழந்தைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. ஆண்டறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்த நான்கு விநாடிகளைப் பதிவு செய்து வருகிறவள் ஒலிப்பதிவுக்காரி. 'நாலு விரல்' என்று பெயர் வைத்தவளும் அவள்தான். விரல் நோய் வாத்தியாருடைய வீட்டுக்கும் பரவிவிட்டதை அவள் அறிவாள். மகளிடம், "மாப்பிள்ளை பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டாராம். மூன்றாவது விரலில் அந்தப் பெண் வாய் திறந்தாள். பாவம், அவள் சொல்லவந்ததற்கு ஐந்தாவது விரல் தேவைப்பட்டது. கல்யாணம் நடந்துவிட்டது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயமாகத்தான் இருந்தது, அந்தப் புதன்கிழமை கடிதம் வரும்வரை.

கோழிப் பண்ணைகளுக்குக் கம்பிவலை கட்டும் பன்னிரண்டு பெண்கள் எழுதியிருந்தார்கள். வேலை முடிந்து ஒரே பெட்டியில் பாடம் கேட்டு, வருகிற திங்கட்கிழமை எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதப்போகிறவர்கள். தேறினால் ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்கு மனுப் போடலாம். வயது வரம்பினால் பாதிப் பேருக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. கடிதம் இதுதான்:

"எட்டு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம் உள்ள இடத்தின் சுற்றளவு நாற்பது மீட்டர் என்று ஐயா சொன்னார். நாங்கள் அப்படிப்பட்ட கூண்டை நிறையக் கட்டியிருக்கிறோம். சுற்றிவர இருபத்தாறு மீட்டர் வலைதான் பிடிக்கும். தேர்வில் ஐயா சொன்னதை எழுதுவதா, வலை சொன்னதை எழுதுவதா? தயவுசெய்து சனிக்கிழமைப் பாடத்தில் சொல்லவும்."

நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் வருவது பரப்பளவு. வாத்தியார் அதைச் சுற்றளவு என்று சொல்லிவிட்டார். தவறு யாருக்கும் வரும். ஒலிப்பதிவுக்காரி கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சார், சுற்றளவுப் பாடத்துல ஒரு தப்பு. சனிக்கிழமை அதையேதான் மறுபடி போடறோம். ஒரு வரி திருத்திப் பேசிடுங்க, போதும்."

"எல்லாரும் சரியாத்தானேம்மா பதில் சொன்னாங்க?"

"யார் சார் சொன்னாங்க?"

"கேக்கறவங்க."

"உங்க காதுல விழுந்துதா?"

"அனுபவம்மா, அனுபவம்!" கடிதத்தைப் பிரிக்காமலே பாராட்டுக் கடிதங்களின் கோப்பில் செருகினார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

சுண்டுவிரல் மடங்கியது. மோதிரவிரல். "சார், அவங்க வேலை—" நடுவிரல். ஆள்காட்டி விரல்.

"சபாஷ். நானும் அதைத்தான் நினைச்சேன்."

போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒலிப்பதிவுக்காரி அந்தப் பாடத்தைக் கணினித் திரையில் விரித்தாள். குரல் வரும் இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருந்தது. கேள்விக்குப் பிறகு மட்டும் ஒரு நேர்கோடு. நான்கு விநாடி. முழுப் பாடத்திலும் கேட்கிறவர்களுக்கென்று விட்ட இடம் அது ஒன்றுதான்; பதினோரு வருஷமாக யாருமே குடியேறாத இடம்.

மைக்கை இழுத்து வைத்துப் பேசிப் பார்த்தாள். ஒன்பது விநாடி. வணக்கத்தை வெட்டினாள். ஏழு. 'மன்னிக்கவும்' என்பதை வெட்டினாள். அது அவர் கேட்கவேண்டிய மன்னிப்பு, இவளுக்கு எதற்கு? கடைசியில் நான்கு விநாடிக்குள் அடங்கியது. பிறகு, சபாஷை அடுத்து வருகிற வாத்தியாரின் "நாற்பது மீட்டர்" என்ற இரண்டு சொற்களை நறுக்கி எறிந்தாள். வேலை போனாலும் போகும் என்று அவளுக்குத் தெரியும். திங்கட்கிழமை அதைவிடப் பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை பாடம் இப்படி ஒலித்தது:

"சுற்றளவு எவ்வளவு?"

"நாற்பது தப்பு. இருபத்தாறு. வலை சொன்னதை எழுதுங்க."

"சபாஷ்! சரியாகச் சொன்னீர்கள் குழந்தைகளே!"

பதினோரு வருஷத்தில் அந்தச் சபாஷுக்கு ஓர் அர்த்தம் வந்தது அன்றைக்குத்தான்.

வாத்தியார் அதைக் கேட்டாரா? தம் குரலை வீட்டில் தவறாமல் கேட்பவர்தான். ஆனால் நடுவில் வந்த நான்கு விநாடியில் விரல் மடக்கிக்கொண்டிருந்திருப்பார். அடுத்தவர் குரல் எங்கே காதில் விழப்போகிறது?

மூன்றாவது வாரம் அந்தப் பெண்களிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. "சுற்றளவுக் கேள்வி வந்தது. வலையை எழுதினோம். பன்னிரண்டு பேரும் பாஸ்." வாத்தியார் அதை அறை முழுக்கக் காட்டிவிட்டு ஒலிப்பதிவுக்காரியிடம் வந்தார்.

"பாத்தியா? வலை அது இதுன்னு என்னவோ எழுதியிருக்காங்க, பாவம். ஆனா பாடம் யாரோடது? நீ என்னவோ தப்புன்னியே! இப்ப என்ன சொல்றே?"

அவள் அவருடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சபாஷ்," என்றார் வாத்தியார்.

எப்பேர்ப்பட்ட ஆள், இல்லையா? நல்லவேளை, நீங்கள் அப்படியில்லை. "உனக்கு எப்படி வசதி?" என்று வீட்டில் கேட்டால், பதில் வரும்வரை நிற்கிறீர்கள்தானே? போன தடவை என்ன பதில் வந்தது? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள், நான் காத்திருக்கிறேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

சபாஷ்! சரியாகச் சொன்னீர்கள்.