பத்தாவது மதிப்பெண்ணுக்கு நடந்த போர்

வாழ்க திருப்புளியார்! வாழ்க அவர் சட்டைப்பையில் உறையின்றி நிமிர்ந்து நிற்கும் ஆறங்குலத் திருப்புளி! தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலையின் கடைசி மேசையில் முப்பத்தோர் ஆண்டுகள் வீற்றிருந்து, வந்த பம்பையெல்லாம் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, காதை வைத்துக் கேட்டு, பத்துக்கு இத்தனை என்று சாக்பீஸால் எழுதித் தள்ளிய பரிசோதகர் பெருமானே, வாழ்க! ஒன்பதரைக்கு மேல் ஒருநாளும் எழுதாத உருக்கு நெஞ்சனே! பத்துக்குப் பத்து கடவுளுக்கே கிடையாது, கிடைத்திருந்தால் கொசுவைப் படைத்திருப்பாரா என்று முதலாளி முகத்துக்கு நேராகக் கேட்ட நெடுங்குன்றே! உம் புகழைச் சொல்ல ஆயிரம் நாக்கு வேண்டும். இருப்பது ஒன்றுதான். அதை வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

நம்பாமையே அவர் கவசம். வீட்டுக்கு வந்த பால் பாக்கெட்டைத் தராசில் வைத்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்ற விடமாட்டார். சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தாலும், கைக்கடிகாரத்தை ரேடியோவாலும் சோதித்து, ரேடியோவை எதனால் சோதிப்பது என்று தெரியாமல் தவிக்கிறவர். அப்பேர்ப்பட்டவர் பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜப்பான் கார் வாங்கினார் என்றால், எத்தனை முறை அதன் அடியில் படுத்து எழுந்திருப்பார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். வண்டி பழுதாகவில்லை. அதுதான் அவருடைய பெரிய சந்தேகம். பழுதாகாத பொருளில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்பது அவர் கொள்கை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அக்கொள்கையை மெய்ப்பிப்பதுபோல், முன்பக்க இடது கதவுக்குள்ளிருந்து ஒரு சத்தம் பிறந்தது. பள்ளத்தில் இறங்கினால் டொக். மேட்டில் ஏறினால் டொக். சும்மா போனாலும், கேட்பவர் திருப்புளியாராக இருந்தால், டொக். மூன்று பட்டறைகள் அதன்மேல் படையெடுத்தன, மூன்றும் புறமுதுகிட்டன.

நான்காவதாக, கம்பெனியின் சொந்தச் சர்வீஸ் சென்டர் என்னும் கண்ணாடிக் கோட்டைக்குள், பால் நிறம் மங்கிப் பழுப்பேறிய தம் நாற்கால் குதிரையை ஓட்டிக்கொண்டு அவர் நுழைந்தார். அருகில் மனைவி, மடியில் பை, பையில் குடை. அன்று மழை வராது என்று வானிலை அறிக்கை சொல்லியிருந்தது; ஆகவே குடை.

காத்திருப்போர் கூடத்தின் நீண்ட சுவரிலே அந்தக் கம்பெனியின் குலவரலாறு படம் படமாக ஒட்டியிருந்தது. முதற்படத்தில் காரே இல்லை, தறி இருந்தது. ஆயிரம் நூல்களில் ஒரே ஒரு நூல் அறுந்தாலும் ஆள் சொல்லாமல் தானே நின்றுவிடும் தறி. ஒரு தச்சர் மகனின் மூளையில் முளைத்த மூங்கிற்குருத்து! இரண்டாம் படத்தில் அவர் வாரிசு, கடல் கடந்து வந்த வேற்றுநாட்டுக் கார் ஒன்றைக் கோழி உரிப்பதுபோல் உரித்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தரையில் பரப்பிக் குந்தியிருந்தார். அடுத்து, மேடேறும்போது தலை கொதித்து நின்ற ஆரம்பகாலக் கார்களும், போரும், இடிபாடும், வேலைநிறுத்தமும், பட்டினியும் வரிசையாக வந்தன. அப்புறம் கப்பலேறிய சின்னஞ்சிறு கார்கள். அவற்றைக் கண்டு யானையளவு கார் ஓட்டிய தேசத்தார் வயிறு குலுங்கச் சிரித்த சிரிப்பு. பெட்ரோல் விலை ஏறிய ஒரு காலையில் அச்சிரிப்பு திறந்த வாயோடே உறைந்த காட்சி. கடைசிப் படத்தில் ஒரு கயிறு. தொழிற்சாலையில் குறை கண்ட கடைநிலைத் தொழிலாளியும் அக்கயிற்றை இழுத்து மொத்த வேலையையும் நிறுத்தலாமாம்.

திருப்புளியார் எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தார். எழுதச் சொன்னதை எழுதியிருப்பான், இவர்கள் காசு, இவர்கள் சுவர் என்று எண்ணினார். ஆனாலும் தறியின் முன்னும் கயிற்றின் முன்னும் அவர் கால் சற்று நின்றது. அந்தக் கயிறு நம் பம்புத் தொழிற்சாலையில் இருந்திருந்தால் ஒரு பம்புகூட வெளியே போயிருக்காது என்ற இன்ப நினைவில் அவர் மீசை துடித்தது.

கூடத்தில் வீற்றிருந்த உரிமையாளர் படையோ வாய்ப்போரில் இறங்கியிருந்தது.

"நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடிருச்சுங்க, இஞ்சினைத் தொட்டதே இல்ல. எனக்குத்தான் முதுகுல ஆப்பரேஷன் ஆச்சு," என்று முழங்கினார் வாடகைக் கார் ஓட்டுநர்.

"நல்ல வண்டிதான். ஆனா சலிப்பா இருக்கு. ஒருநாள் நடுரோட்டுல நின்னாலாவது நாலு பேருகிட்ட சொல்லலாம். அதுக்கும் வழியில்ல," என்று பெருமூச்செறிந்தார் பல் டாக்டரம்மா.

"கதவைச் சாத்துனா தகர டப்பா மாதிரி கேக்குது. ஆனா சாத்துனா சாத்துது, திறந்தா திறக்குது. அதுக்கு மேல ஒரு கதவுகிட்ட என்னத்தைங்க எதிர்பாக்குறது?" என்றார் தையற்கடைக்காரர்.

"எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. பழுதும் ஆகாது, வாயும் ஓயாது," என்றாள் திருப்புளியாரின் மனைவி, சுவரைப் பார்த்தபடி.

அந்த வேளையில்தான் எதிரணித் தலைவி எழுந்தாள். முன்மேசை அம்மாள்! கையில் அட்டை, காதில் பேனா, கண்ணில் ஏழு மாதத் தாகம். அத்தாகத்தின் காரணம் தண்ணீர்க் குடுவைக்கு நேர் மேலே தொங்கிக்கொண்டிருந்தது. 'இம்மாதத்தின் சிறந்த ஊழியர்' என்ற சட்டத்துக்குள், ஏழு மாதமாக ஒரே முகம். உதிரிபாகக் கவுண்டர்காரரின் முகம். ஒவ்வொரு வாய் தண்ணீருக்கும் அந்தப் பல்வரிசையின் கீழே குனிந்தாக வேண்டும். அவளோ தண்ணீர் அதிகம் குடிப்பவள். இம்மாதம் இருபத்தொன்பது வாடிக்கையாளர்களிடம் இருபத்தொன்பது பத்துகளை வென்று வந்திருக்கிறாள். முப்பதாவது பத்து விழுந்தால் கவுண்டர்காரர் இறங்குவார், இவள் ஏறுவாள். முப்பதாவது ஆள் யார் என்று அட்டையைப் பார்த்தாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

"சார், பில் போட்டதும் உங்களுக்கு ஒரு போன் வரும். மெஷின்தான் பேசும். பத்துக்கு எத்தனைன்னு கேக்கும். தயவு பண்ணி பத்து போட்டுருங்க சார்."

"நல்லா இருந்தா ஒன்பது போடுறேன்மா."

"ஒன்பது போட்டா சைபர் போட்ட மாதிரி சார். பத்தை மட்டும்தான் கணக்குல எடுத்துக்குவாங்க."

"அப்புறம் எதுக்கு ஒண்ணுல இருந்து ஒன்பது வரைக்கும் வெச்சிருக்கான்? அலங்காரத்துக்கா?"

வில்லிலிருந்து விடுபட்ட கணைபோல் வந்த அவ்வினாவை அவள் அட்டையைக் கேடயமாக்கித் தடுத்தாள். படைக்கலமும் இருந்தது. முதலில் ஏலக்காய் டீயை ஏவினாள். குடித்துவிட்டு ஆறு என்றார். காருக்குள் தொங்கவிடும் வாசனை அட்டை தந்தாள். மோந்துவிட்டு, இது எதையோ மறைக்கத்தான் என்றார். டயருக்கு இலவசக் கறுப்பு பூசுவதாக வாக்களித்தாள். டயர் ஏற்கெனவே கறுப்புதானே என்றார். ஆழிப்பேரலை வந்து மோதினும் அசையாத பாறைபோல், அவர் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் வீற்றிருந்தார்.

"விடும்மா," என்றாள் மனைவி. "எங்க பொண்ணு பொறந்தப்ப டாக்டர் கையில கொடுக்குறாரு. திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'காது கொஞ்சம் சின்னது, ஒன்பது'ன்னு சொன்ன மனுஷன் இவரு."

அப்போது திருப்புளியார் எழுந்து, சட்டைப்பையில் இருந்த திருப்புளியை உருவி, சுவரிலிருந்த தறியைச் சுட்டிக்காட்டி, கூடமே அதிரப் பறைசாற்றினார்:

"இந்தா பாரு! உங்க கம்பெனியே ஒரு நூல் அறுந்தா நின்னுபோற தறியில இருந்து பொறந்திருக்கு. குறையைப் பாத்தா கயிறை இழுன்னு சொவத்துல எழுதி வெச்சிருக்கு. நான் பாட்டுக்குக் கயிறை இழுக்குறேன், நீ டீயைக் கொடுத்து அமுக்கப் பாக்குறியே!"

ஆகா என்றது உரிமையாளர் படை. வாடகைக் கார் ஓட்டுநர் கைதட்டியே விட்டார். எதிரியின் கொத்தளத்திலிருந்தே கல்லைப் பெயர்த்து எதிரியின் தலையில் போட்டவர் உலகில் வேறு யார்? ஆனால் ஏழு மாதம் அந்தப் பல்வரிசையின் கீழ் தண்ணீர் குடித்தவளுக்கு அஞ்சுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அவள் அட்டையை மேசையில் வைத்தாள்.

"சரி சார். நூல் அறுந்தாத்தானே தறி நிக்கும்? அறாத நூலுக்கு நின்னா அது தறி இல்ல, தகராறு. உங்க காருல எங்க நூல் அறுந்திருக்கு, அதைச் சொல்லுங்க."

"இடது கதவுல டொக்னு ஒரு சத்தம். உன் ஆளுங்க அதைக் கண்டுபிடிக்கட்டும்." திருப்புளியை வானோக்கி உயர்த்தினார். "அது மட்டும் கம்பெனி கொறை இல்லன்னு நிரூபிச்சிட்டா, வாழ்க்கையில மொத தடவையா, பத்து! போதுமா? இத்தனை பேரு சாட்சி!"

சபதம்! கூடம் மூச்சடக்கியது. மனைவி மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த மனிதர் சபதம் செய்தால் குடும்பத்துக்கு நல்லதே நடந்ததில்லை.

பட்டறைக்குள்ளிருந்து தலைமை மெக்கானிக் புறப்பட்டார். உருண்ட தோளும் உதிர்ந்த தலைமுடியுமாய் எண்ணெயில் குளித்தெழுந்த கருங்களிறு. இடது கதவைத் திறந்தார், அறைந்தார், மறுபடி திறந்தார். கதவில் காதை வைத்துக் குலுக்கினார். டொக். உள்பலகையின் பொத்தான்களை ஒவ்வொன்றாய் நெம்பினார். கண்ணாடிச் சுவருக்கு இப்புறம் திருப்புளியாரும், முன்மேசை அம்மாளும், ஓட்டுநரும், டாக்டரம்மாவும், தையற்கடைக்காரரும் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்க, உதிரிபாகக் கவுண்டர்காரர்கூடத் தம் படத்தைவிட்டு இறங்கி வந்ததுபோல் ஓரமாக வந்து நிற்க, உள்பலகை கழன்றது. மெக்கானிக் முழங்கைவரை கையை விட்டார். துழாவினார். கிணற்றில் விழுந்த வாளியைப் பாதாளக் கரண்டி பற்றி இழுப்பதுபோல் எதையோ பற்றி இழுத்தார்.

வெளியே வந்தது ஒரு திருப்புளி.

மஞ்சள் கைப்பிடி. கைப்பிடியில் கம்பி காய்ச்சிப் போட்ட ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியை உலகில் ஒருவரே போடுவார்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு விடுமுறை நாளில், கதவுக்குள் போல்ட்டுகளை ஜப்பான்காரன் உண்மையிலேயே இறுக்கியிருக்கிறானா என்று பார்ப்பதற்காக அந்த உள்பலகையை அவரே கழற்றியதும், எல்லாம் இறுக்கமாக இருந்த ஏமாற்றத்தில் அவசரமாகத் திருப்பி மாட்டியதும், அன்று மாலையே திருப்புளி காணாமல் போனதும், வீட்டுக்கு வந்திருந்த மாப்பிள்ளைதான் எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, அன்றிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதும், மின்னல் வெட்டியதுபோல் ஒரே கணத்தில் அவர் நெஞ்சில் ஓடின.

"ஐயா, இது எங்க கம்பெனி சாமான் இல்லீங்களே," என்றார் மெக்கானிக், மிகுந்த பணிவோடு.

"என்னங்க," என்றாள் மனைவி, அதைவிடப் பணிவோடு. "மாப்பிள்ளைக்கு இப்பவே போன் போடவா, இல்ல வீட்டுக்குப் போய்ப் போடவா?"

யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல ஆசைதான். டாக்டரம்மா தண்ணீர்க் குடுவையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கடைசி மேசைப் பரிசோதகரின் கண்ணுக்குத் தப்பிய ஒரே குறை, பரிசோதகர் கையாலேயே செய்த குறை. அப்பலகைக்குள் ஜப்பான்காரன் இறுக்கிய போல்ட்டுகள் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னும் இறுக்கமாகவே இருந்ததை மெக்கானிக் கேட்காமலே காட்டினார். திருப்புளியார் தாமும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. தோற்றவன் முகத்தில் வராத ஒரு வெளிச்சம் அவர் முகத்தில் வந்தது. முப்பத்தோர் ஆண்டுகள் தேடிய பம்பை இங்கே கதவுக்குள் கண்டதுபோல் இருந்தது.

"சொன்ன சொல்லு சொன்னதுதான்," என்றார். "போன் வரட்டும்."

முன்மேசை அம்மாள் ஓடிவந்து, கைகூப்பி, இறுதி அறிவுரை வழங்கினாள்: "பத்துன்னா ஒண்ணையும் சைபரையும் சேர்த்து டக்கு டக்குன்னு அமுக்கணும் சார். நடுவுல நிக்கவே கூடாது."

"எனக்கு நம்பர் தெரியாதா?"

மணி ஒலித்தது. திக்கெட்டும் அடங்கியது. இயந்திரக் குரல் மதிப்பெண் கேட்டது. முப்பத்தோர் ஆண்டுகளில் எந்தப் பம்புக்கும், எந்த டீக்கும், பெற்ற மகளுக்கும்கூட நீளாத அந்த வலக்கைச் சுட்டுவிரல், மதயானையின் துதிக்கைபோல் மெல்ல எழுந்து, வானில் வட்டமிட்டு, ஒன்றின்மேல் இடியெனக் கம்பீரமாக இறங்கி, பின் வாழ்நாளில் முதன்முறையாகச் சைபரை நோக்கித் திரும்பி, அதன்மேல் அரையங்குல உயரத்தில், கூடம் முழுதும் விழி பிதுங்கப் பார்த்திருக்க, முன்மேசை அம்மாள் சட்டத்துக்குள் தன் முகத்தைக் கண்டுவிட்டவளாய் இரு கைகளாலும் வாயைப் பொத்தி நிற்க, எதற்கும் இன்னொரு தரம் யோசித்துப் பார்ப்போமே என்று, பழக்கதோஷத்தால், ஒரு நொடி, இரண்டு நொடி, மூன்று நொடி நின்றது.

போன் ஒரு மார்க் என்று எடுத்துக்கொண்டு கட் ஆகிவிட்டது.